மிச்சம் ரெண்டு ரூபாய்

திருவண்ணாமலையில் வேலை பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. மற்ற ஊர் ஆபீஸ்களில் சம்பளம், இன்கிரிமென்ட், டிரான்ஸ்பர் என்று மூன்றே கவலைதான். இங்கே நாலாவதாக ஒன்று: 'வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?'

ஜன்னலைத் திறந்தால் மலை. டீ குடிக்கப் போனால் காவி. பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். அன்றைக்கு ஆபீஸுக்கு லேட்டாக வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அதுவும் ஓர் அருள்தான்!

என் பக்கத்து சீட் தம்பிக்கு வயசு இருபத்தாறு. போன மாசம் திடீரென்று ஃபைலை மூடினான்.

"சார், இதெல்லாம் எதுக்கு சார்? நான் எழுதறதை மேல ஒருத்தர் திருத்தறார். அதை இன்னொருத்தர் பழையபடியே மாத்தறார். இதுல நான் எங்க சார் இருக்கேன்? பேசாம ரமணர் மாதிரி கிளம்பிடலாம்னு பார்க்கறேன்."

விளையாட்டுப் பேச்சில்லை. ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையில் ரெடி. வீட்டில் உடம்பு முடியாத அப்பா, காலேஜில் படிக்கிற தங்கை. குக்கர் விசில் அடிப்பதே இவன் சம்பளத்தில்தான்.

"ரமணர் எப்படிக் கிளம்பினார்னு தெரியுமாப்பா?" என்றேன்.

1896 ஆகஸ்ட் மாசக் கடைசி. மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயசுப் பையன், 'ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு' என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் புறப்படுகிறான். (ஆமாம், நாம் சொன்ன அதே ஸ்பெஷல் கிளாஸ்தான்!) 'அப்படியே பெட்டியிலிருந்து அஞ்சு ரூபாய் எடுத்துப்போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிடு' என்கிறார் அண்ணன். பையன் பழைய அட்லஸைப் பார்த்து, ரயிலுக்கு மூணு ரூபாய் போதும் என்று கணக்குப் போடுகிறான். மூணை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சம் ரெண்டு ரூபாயோடு ஒரு சீட்டும் எழுதி வைக்கிறான். உன் ஃபீஸ் இன்னும் கட்டலை, பணம் ரெண்டு ரூபாய் இதோட இருக்கு என்று அதில் தகவல்.

உலகத்தையே விட்டுப் போகிறவனுக்கு எதற்கு அண்ணன் ஃபீஸ் ஞாபகம்? இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. செப்டம்பர் 1-ம் தேதி இங்கே வந்து சேர்ந்ததும், கையில் மிச்சமிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார். அது அவர் கைக்காசு, எறியலாம். அண்ணன் பணத்துக்கு மட்டும் கணக்கு!

பின்னாளில் வேலூர் ஊரிஸ் காலேஜ் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி, 'நிஷ்காம்ய கர்மம் என்றால் என்ன?' என்று அவரிடம் கேட்டிருக்கிறார். பலனை எதிர்பார்க்காமல் வேலை செய்வது எப்படி என்ற கேள்வி. ரமணர் பதிலே சொல்லவில்லை. மலைமேல் நடந்தவர், முள்ளுக் கிளை ஒன்றை எடுத்து, முள்ளைச் சீவி, கணுவைத் தேய்த்து, சொரசொரப்பான இலையால் பளபளப்பாக்கினார். ஆறு மணி நேர வேலை. ஜோரான கைத்தடி! வழியில், தடியைத் தொலைத்துவிட்டு முழித்த ஆட்டுக்காரப் பையன் ஒருவன் வந்தான். அவனிடம் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். இதுதான் பதில் என்று பண்டிதருக்குப் புரிந்துவிட்டது.

மாசச் சம்பளக்காரனிடம் போய் 'பலனை எதிர்பார்க்காதே' என்றால் யூனியன் சண்டைக்கு வரும். சம்பளத்தைத் தாராளமாக எதிர்பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு ஃபைலும் 'நீ பெரிய ஆள்' என்று நமக்கு சர்டிபிகேட் தர வேண்டும் என்று எதிர்பார்த்தால்தான் வம்பு. அந்தப் பையனுக்குத் தடி செய்தவர் பேர் முக்கியமில்லை. கையில் முள் குத்தக்கூடாது, அவ்வளவுதான்.

நம் ஃபைலிலும் முள் உண்டு. ஒரு இனிஷியல் தப்பாக இருந்தால் போதும், செங்கத்திலிருந்து ஒரு பாட்டி ரெண்டாம் தடவை பஸ் ஏறி வர வேண்டும். அந்த முள்ளைச் சீவியது யார் என்று பாட்டிக்குத் தெரியப்போவதில்லை. சீவாமல் விட்டால் மட்டும் நன்றாகத் தெரியும்.

"அப்ப ரிசைன் பண்ண வேணாம்ங்கறீங்களா சார்?"

"பண்ணுப்பா. முதல்ல தங்கச்சி ஃபீஸுக்கு வழி பண்ணிட்டு, கணக்கை எழுதி வெச்சுட்டுப் பண்ணு."

இன்றுவரை கடிதம் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. ரெண்டும் அவன் இஷ்டம்.

அய்யங்குளம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. காசை எறிய ஆசைப்படுகிறவர்கள் வரலாம். எறிகிற காசு யாருடையது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்!