உடனே கொல்லாத சோறு

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்ணுக்குத் தெரிந்ததால் ஊர் திரும்பிப் பார்த்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நஞ்சைப் பற்றி எனக்குப் பேச வேண்டும்.

சேமித்த நெல்லில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வளர வழி பிறக்கிறது. அதில் சில வகைகள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்வரை கொண்டுபோகும். அளவு மிஞ்சினால் உடனேயும் கொல்லும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் ஏழைப் பழங்குடி மக்கள்.

ஒரகடத்தில் நாங்கள் ஆறு பெண்கள் ஓர் அறையில் இருந்தோம். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறி, மூலையில் கட்டிவைத்த அரிசி மக்கல் வாடை அடித்தது. மொட்டைமாடிச் சாவி வீட்டுக்காரரிடம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவளுக்குப் புடைக்க முறமும் இல்லை, தெம்பும் இல்லை. "மாசக் கடைசிடி, என்ன பண்றது?" என்றார் மூத்த அக்கா. மூட்டையில் பாதியைக் கொட்டினோம். அந்த வாரம் இரவெல்லாம் பன்னும் டீயும்தான். உணவுப் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

செய்யாறு பக்கம் எங்கள் ஆயா நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். 'டக்'கென்று உடைந்தால்தான் காய்ச்சல் சரி, குதிருக்குப் போகும். கறுத்ததும் சொத்தையும் முறத்தில் ஒதுங்கிவிடும். நஞ்சு அதிகம் தங்குவது அப்படிக் கெட்ட மணிகளில்தான் என்று விஞ்ஞானமும் சொல்கிறது. ஆனால் ஆயா செய்ததை யாரும் வேலை என்று சொன்னதில்லை. பெண்கள் ஆலைக்குப் போனபின் அந்த வேலையை எவரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் அஃப்ளடாக்சின் கூடாது என்று சட்டம் இருக்கிறது. விடுதிச் சமையலறையில் யார் அளக்கிறார்கள்? கொள்முதலில் 17 சதவீத ஈரப்பத வரம்பை மழைக்காலத்தில் தளர்த்தக் கேட்கிறோம். விவசாயிக்கு அது நியாயம். கூடவே உலர்த்தும் எந்திரமும் கூரையுள்ள கிடங்கும் கேட்க வேண்டும்.

விடுதி ஒப்பந்தத்தில் கட்டில்களை எண்ணி எழுதுகிறார்கள். மூட்டை தரையைத் தொடாத பலகை, காற்றோட்டமான சரக்கறை, அரிசியைச் சோதித்த தேதி இவையும் அதில் வர வேண்டும். சோதிப்பவருக்குச் சம்பளமும்.