படலையடி விளிம்பு

மாங்குளத்தில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஒழுங்கையில் என் தங்கையின் வீடு இருக்கிறது. மாரி மழைக்குப் படலையடிக் கிறவல் சேறாகிவிடும். அதனால் ஒழுங்கையிலிருந்து முற்றம் வரை கொங்கிறீற் போடுவித்தோம். பலகை அடித்து, கலவையை நிரப்பி, மறுநாள் பலகைகளைக் கழற்றிக்கொண்டு மேசன் போய்விட்டார். விளிம்புகள் கத்தி வாய்போல நின்றன. ஒழுங்கையைத் தொடும் இடத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு ஒரு மேடும் இருந்தது. பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று சொன்னவன் நான்தான்.

அயலில் ஒரு பெரியவர் இருக்கிறார். 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின்னர் தம் வளவைத் துப்புரவாக்கப் போய்க் கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்தவர். 2008இல் மறுபடியும் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டு வந்தவர். நான் மாங்குளம் போகும் நாள்களில், மாலை வேளையில் சக்கர நாற்காலியில் வந்து பத்திரிகை பார்த்து, அரசியல் பேசிப் போவார். இம்முறை அவரைக் காணவில்லை. மூன்றாம் நாள் நானே தேடிப்போனேன்.

"என்ன அண்ணை, இந்தப் பக்கமே காணேல்லை?"

"ஒண்டுமில்லைத் தம்பி. உங்கட படலையடியில முன் சில்லு தட்டி ஒருக்கா விழப் பாத்தனான். காசு குடுத்துப் புதுசாப் போட்டிருக்கிறியள், அதைப்போய் எப்படிச் சொல்லுறது?"

சக்கர நாற்காலியின் முன் சில்லுகள் சிறியவை. ஓர் அங்குல மேடு அவற்றை அப்படியே நிறுத்திவிடும். வேகமாக வந்தால் ஆளை முன்னே கவிழ்த்தும் விடும். நடக்கும் எங்கள் கால்களுக்கு அது தெரியவேயில்லை.

அடுத்த நாளே வேறொரு மேசனை அழைத்தேன். மேட்டின் முன்னே வெறும் கலவையைப் பூசிச் சரிவாக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவர் மறுத்தார். நுனியில் கடதாசி போல மெலிந்துபோகும் பூச்சு சில நாள்களில் உடைந்துவிடுமாம். மேட்டை உளியால் சரிவாகச் செதுக்கி, சரிவு முடியும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் வெட்டினார். தூசியைக் கழுவி, பழைய கொங்கிறீற்றை நனைத்து, சீமெந்துப் பால் பூசிய பின்பே ஒன்றுக்கு மூன்று மணற்கலவையை இட்டார். பள்ளம் இருந்ததால் நுனியிலும் கலவைக்குத் தடிப்புக் கிடைத்தது. ஏழு நாள் ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். பக்க விளிம்புகளைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உரைகல்லால் தேய்த்து உருட்டினார். கிறைண்டர் பிடித்தால் விரைவாக முடியும். ஆனால் அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. நனைத்துச் செய்ய வேண்டும், முகக்கவசமும் வேண்டும்.

"முதலே செய்திருந்தா இவ்வளவு பாடில்லை ஐயா" என்றார் அவர். உண்மைதான். பலகையின் மூலையில் முக்கோணச் சட்டம் ஒன்றை வைத்துவிட்டால் விளிம்பு கூராகவே வராது. கலவையின் மேல் நீர் வற்றி, விரல் பதியும் பருவத்தில் ஓரத்தைக் கரண்டியால் வளைத்துவிட்டாலும் போதும். சில நிமிட வேலை. இறுகிய பிறகு அதுவே இரண்டு நாள் வேலையாகிவிடுகிறது.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இல் வந்தன. அவ்விதிகளை வைத்து அலுவலகப் படிகளைப் பற்றிக் கேள்வி கேட்டு நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் தங்கை வீட்டுப் படலையைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அங்கே பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான். போர் இத்தனை பேரின் கால்களைக் கொண்டுபோன வன்னியில், அது வீடு கட்டும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரவேண்டிய விடயம்.

எட்டாம் நாள் மாலை பெரியவர் வந்தார். சில்லு தட்டவில்லை. படலையடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, பத்திரிகையைக் கேட்டார்.