ஜப்பானுக்குப் பதில் புளியறை!

"ஏங்க, நாம ஒரு தடவை ஜப்பான் போகலாமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி டம்ளரும் கையுமாக டி.வி. பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி இப்படி ஒரு குண்டைப் போட்டாள். எட்டிப் பார்த்தேன். சுற்றிலும் பனி. நடுவே ஆவி பறக்கும் வெந்நீர்க் குளம். கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜோடி!

ஜப்பானில் இந்த வெந்நீர் ஊற்றுகளுக்கென்றே விடுதிகள் உண்டு. யாமானாஷி பகுதியில் ஒரு விடுதி கி.பி. 705-ல் ஆரம்பித்து இன்னமும் நடக்கிறது. 2011-ல் கின்னஸ்காரர்கள் உலகிலேயே பழைய ஓட்டல் என்று அதற்கு சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். நம்ம லாட்ஜ்களில் கீஸர் ஒரு சீஸன் தாங்கினாலே மாலை போடலாம்!

மனசுக்குள் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தேன். "ஜப்பான் என்ன ஜப்பான்... அதைவிட ஒசத்தியா ஒரு இடம் இருக்கு. புளியறை!" என்றேன்.

அவள் பார்த்த பார்வையில் காபி ஆறிவிட்டது. கல்யாணமாகி மூன்று வருஷம். தேனிலவுக்குக் கிளம்பிய அன்று ஆபீஸில் ஆடிட் வந்து டிக்கெட்டைக் கேன்சல் செய்தவன் நான். அந்தக் கணக்கு இன்னும் பைசலாகவில்லை.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ். காலையில் செங்கோட்டை. அங்கிருந்து கேரளா போகிற ரோட்டில் கொஞ்ச தூரத்தில் புளியறை. இதைத் தாண்டினால் மலை ஏற்றம், அப்புறம் மலையாளம். செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஆனால் ரோட்டை விட்டு நாலடி உள்ளே போனால் போதும். வயல், தென்னை, மூன்று பக்கமும் மலை, மலையின் தலையில் ஈரத் துண்டு போட்ட மாதிரி மேகம். வெயில் அடித்துக்கொண்டே சாரல் விழும். குடையை விரிப்பதா மடக்குவதா என்றே தெரியாது!

மாடி அறையை வாடகைக்கு விடும் ஒரு ஆச்சி வீட்டில் தங்கினோம். "வாங்க தம்பி, வாம்மா. வெந்நி போடவா?" என்றார் ஆச்சி. "வெந்நீரா? அதுக்கு ஜப்பானுக்கே போயிருக்கலாமே!" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் மனைவி. ஆச்சிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஊருக்குப் பெயர் வந்த கதையையும் ஆச்சிதான் சொன்னார். ஒரு காலத்தில் சிதம்பரம் நடராஜருக்கு ஆபத்து வந்ததாம். சிலையை இங்கே கொண்டுவந்து புளியமரப் பொந்தில் மறைத்து வைத்தார்களாம். புளியமரமே அறையானதால் புளியறை. இங்கே தட்சிணாமூர்த்தி விசேஷம், வியாழக்கிழமை கூட்டம் அலைமோதும். நாங்கள் போனது சனிக்கிழமை. நிம்மதியாகக் கும்பிட்டோம்.

மத்தியானம் குற்றாலம். பேரருவியில் தண்ணீர் மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் 'பொங்குமாகடல்' என்ற பள்ளத்தில் விழுந்து, கோபத்தையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, அப்புறம்தான் நம்மிடம் வருகிறது. (ஆபீஸ்களில் மானேஜர் அறைக்கு வெளியே இப்படி ஒரு பள்ளம் வெட்டலாம்!) ஜப்பானில் குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். இங்கேயும் அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கூடாது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அங்கே பெரும்பாலான இடங்களில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. இங்கேயும் அப்படியே.

"ஜோடியா குளிக்கலாம்னு கூட்டிட்டு வந்தீங்க!" என்று சிரித்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். நான் இந்தப் பக்கம் புகுந்தேன். ஆஹா! முதுகில் பத்துப் பேர் சேர்ந்து மிருதங்கம் வாசிக்கிற மாதிரி. ஆடிட், புரமோஷன், ஹவுஸிங் லோன் எல்லாம் கரைந்து சிற்றாற்றோடு போய்விட்டது.

திடீரென்று விசில். ஒன்றல்ல, நாலைந்து. "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" மலைக்கு மேலே மழையாம். நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறி, பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்ட ஆரம்பித்திருந்தது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. பேப்பரில் படித்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

பெண்கள் பக்கம் ஓடினேன். நூற்றுக்கணக்கான பெண்கள், ஈரத் தலையோடு, ஒருத்தியைப் போல இன்னொருத்தி. பெயரைச் சொல்லிக் கத்தினேன். அருவிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு போலீஸ்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"பதறாதீங்க ஸார். என்ன கலர் டிரெஸ்?"

பச்சை... இல்லை, நீலமோ? சேலையா, சுடிதாரா? காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்தவள்! போன வருஷத்து பாலன்ஸ் ஷீட்டை இப்போது கேட்டாலும் பைசா சுத்தமாகச் சொல்வேன். இதற்கு வாயே வரவில்லை.

"சரி, உயரம்?"

"என் தோள் வரைக்கும்... இருப்பா ஸார்." கண்ணில் வழிந்தது அருவித் தண்ணீர்தான் என்று அவரும் நினைத்திருப்பார்.

அப்போது பின்னாலிருந்து இன்னொரு போலீஸ்காரர் என் தோளைத் தட்டினார். "நீலக் கட்டம் போட்ட துண்டு, உச்சியில ரூபா அளவு வழுக்கை, இடது காதுக்குக் கீழ மச்சம். நீங்கதானே? அங்க ஒரு அம்மா அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. போங்க ஸார்!"

கடை வரிசை ஓரம் நின்றிருந்தாள். மெரூன் சுடிதார். வெள்ளைத் துப்பட்டா. எங்கள் கல்யாண நாளுக்கு நானே வாங்கிக் கொடுத்தது.

திரும்பும் வழியில், பிரானூர் பார்டரில் பரோட்டா. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அப்போது இங்கேதான் எல்லை. எல்லை மலைக்கு நகர்ந்துவிட்டாலும் 'பார்டர்' என்கிற பெயர் நகரவில்லை. பிய்த்துப் போட்ட பரோட்டா மேல் சிக்கன் சால்னா, அதன் மேல் சாரல்.

"போலீஸ் என்கிட்ட டிரெஸ் கலர் கேட்டாங்க..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"தெரியலைன்னு முழிச்சிருப்பீங்களே?"

தலையாட்டினேன். இன்னொரு பரோட்டாவை எடுத்து என் இலையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. நாளைக்கு ஐந்தருவி. ரோஸ் கலர் போட்டுக்கப் போறேன், இப்பவே எழுதி வெச்சுக்கங்க!"