அலிப்பூரில் ஓர் உயிர்த்தெழுதல் ஞாயிறு

தஞ்சாவூர்ச் சபையின் வரலாற்றை ஆராய்பவன் கல்கத்தாவில் என்ன செய்கிறான் என்று நண்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். விடை எளியது. 1814இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயம் நிறுவப்பட்டது. 1835இல் சென்னைக்கெனத் தனிப் பேராயம் அமைந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் தஞ்சையிலும் திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் இருந்த ஆங்கிலிக்கன் சபைகளுக்குப் பேராயர் கல்கத்தாவில்தான் இருந்தார். காவிரிக் கரையில் யார் எந்தப் பாயில் அமர்ந்து வழிபடுவது என்ற வழக்கு ஊக்ளிக் கரைக்கு வந்தே தீர்ப்புப் பெற வேண்டியிருந்தது. எனவே நானும் இங்கு வந்தேன்.

என் பகல்பொழுதுகள் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் கழிகின்றன. பெல்வெடேர் மாளிகை ஒருகாலத்தில் வங்காளத் துணைநிலை ஆளுநர்களின் உறைவிடம். 1953ஆம் ஆண்டு முதல் அந்த வளாகம் வாசகர்களுக்கு உரியது. பழைய கடிதத் தொகுப்புகளில் ஒரு பெயரைத் தேடிக் களைத்துப்போகும்போது மர நிழலில் சிறிது நடந்துவிட்டுத் திரும்புவேன். மொழி தெரியாத ஊரில் நூலகம் ஒருவகைப் புகலிடம். எனினும் மாலை ஐந்து மணிக்குப் பிறகு தமிழில் ஒரு சொல் கேட்காதா என்ற ஏக்கம் வந்துவிடும்.

அந்த ஏக்கம்தான் என்னை இப்பகுதியின் ஒரு சிறு தமிழ்ச் சபையிடம் கொண்டு சேர்த்தது. ஏறத்தாழ இருபது குடும்பங்கள். கிதிர்பூர்த் துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள், மாற்றலாகி வந்த மைய அரசு ஊழியர்கள், என்னைப் போன்ற மாணவர்கள். பிள்ளைகள் தங்களுக்குள் வங்காளத்தில் பேசிக்கொள்வார்கள். பாமாலை மட்டும் தமிழில் பாடுவார்கள். சிலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வங்க எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, பொருள் பாதி புரிந்தும் புரியாமலும் கண்மூடிப் பாடுவார்கள்.

இவ்வாண்டு லெந்து நாட்களில் நான் தவறாமல் சென்றேன். பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை நடந்தது. சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளை ஏழு பேர் தியானிப்பது வழக்கம். போதகர் ஐந்தாம் வார்த்தையை, தாகத்தைப் பற்றிய வார்த்தையை, எனக்குத் தந்தார். நான் நன்றாகவே ஆயத்தம் செய்தேன். தண்ணீரை முன்வைத்துத் தமிழ்ச் சமூகம் செய்த கொடுமைகளைச் சொன்னேன். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையைச் சொன்னேன். திருவிருந்துப் பாத்திரத்தில் கூட முதலில் யார் வாய்வைப்பது என்ற பூசல் எங்கள் சபைகளில் இருந்ததைச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் பலர் கைகொடுத்துப் பாராட்டினார்கள். எனக்கு என்மீதே மதிப்புக் கூடிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

2025 ஏப்ரல் 20, உயிர்த்தெழுதல் ஞாயிறு. மேலைத் திருச்சபைகளும் கீழைத் திருச்சபைகளும் இரண்டு நாட்காட்டிகளின்படி நாள் கணிப்பதால் பெரும்பாலான ஆண்டுகளில் வெவ்வேறு ஞாயிறுகளில் இப்பண்டிகையைக் கொண்டாடுகின்றன. இவ்வாண்டு இரண்டும் ஒன்றாக அமைந்தன. எல்லாரும் ஒரே நாளில் பண்டிகை ஆசரிக்க வேண்டும் என்று நிசேயா சங்கம் கி.பி. 325இல் விரும்பியதற்கு இது 1700ஆம் ஆண்டு. காளிகாட்டில் உள்ள கிரேக்க வைதீக ஆலயத்துக்கும் எங்கள் சிறு சபைக்கும் அன்று ஒரே உயிர்த்தெழுதல் காலை. பதினேழு நூற்றாண்டுகள் முயன்றும் நாளை ஒன்றாக்கவே இயலவில்லை என்றால் மனிதர்களை ஒன்றாக்குவது எத்தனை அரிது என்று விடியலில் நடந்தபோது நினைத்துக்கொண்டேன்.

விடியலில் நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். தென் மாவட்டங்களில் பல சபைகளில் உள்ள வழக்கம் இது. முதல் உயிர்த்தெழுதல் காலையில் பெண்கள் கல்லறைக்குச் சென்றதை நினைந்து, இருள் பிரியுமுன் மெழுகுத்திரிகளோடு செல்வார்கள். வாயிற்காவலர் பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்தார். ஏப்ரல் மாதத்துக் கல்கத்தாவில் அந்த வேளையிலும் காற்றில் ஈரப்புழுக்கம். திரிகள் வளைந்து உருகின.

சபையில் எல்லாரும் 'அக்கா' என்றே அழைக்கும் ஓர் அம்மையார் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். பண்டிகைச் சமையல் அவர் பொறுப்பு. தம் கணவரின் கல்லறையில் திரி ஏற்றிவிட்டு, அடுத்திருந்த கல்லறையிலும் ஒன்றை ஏற்றினார். "அவங்களும் உங்க சொந்தக்காரங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. ஊர்ல எங்க தெருவுக்குள்ளயே வராத ஆளுக. இங்க சாகுற வரிசையிலதான இடம். இவரு போன அடுத்த மாசம் அவரு போனாரு. பக்கத்துல வந்துட்டாரு."

அவர் சிரித்தபடி சொன்னார். எனக்கு அது ஆய்வுக்குறிப்பாகவே பட்டது. ஆலயத்துக்குத் திரும்பும் வழியில் கைப்பேசியில் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டேன்.

ஆராதனையின்போது என் மனம் வேறோர் உயிர்த்தெழுதல் ஞாயிற்றுக்குப் போயிருந்தது. கல்கத்தாவின் இரண்டாம் பேராயர் ரெஜினால்ட் ஹீபர். திருச்சியில் அவர் பெயரால் விளங்கும் கல்லூரியை நம்மில் பலர் அறிவோம். அவர் 1826 மார்ச் 26, உயிர்த்தெழுதல் ஞாயிறன்று தஞ்சாவூரில் பிரசங்கித்தார். மாலையில் தமிழ் ஆராதனையில் கலந்துகொண்டு ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். அங்கிருந்து திருச்சிக்குச் சென்றவர், ஏப்ரல் 3ஆம் நாள் காலை கோட்டைப் பகுதியில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் வழங்கிவிட்டுத் திரும்பி, குளிக்கச் சென்ற இடத்தில் நீரில் மூழ்கி இறந்தார். வயது 42. திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பேராயராக இருந்த கல்கத்தாவில் அவருக்கு இருப்பது சிலை மட்டுமே. சான்ட்ரி வடித்த அந்தச் சிலை, புனித பவுல் பேராலயத்தில் முழந்தாளிட்ட நிலையில் உள்ளது.

தமிழ்ச் சபைகளில் சாதி வேறுபாடு நிலவுவதை ஹீபர் அறிந்திருந்தார். அப்பயணத்திலேயே அதைப்பற்றி மிஷனரிகளிடம் கடிதம் எழுதி விசாரித்தார். ஐரோப்பியரிடையே உள்ள குல அந்தஸ்தைப் போன்றதொரு சமூக வழக்கமாக இதுவும் இருக்கலாம் என்று கருதிப் பொறுமை காட்ட விரும்பினார். விசாரணை முடியுமுன் காலமானார். அவருக்குப் பின் வந்த டேனியல் வில்சனுக்கு அந்தப் பொறுமை இல்லை. 1833 ஜூலை 5ஆம் நாளிட்ட சுற்றுமடலில், சாதி வேறுபாடு தயக்கமின்றி, உடனடியாக, இறுதியாகக் கைவிடப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். மடல் வாசிக்கப்பட்டதும் வேப்பேரியிலும் தஞ்சையிலும் திரளானோர் சபையை விட்டு விலகினர். பெரும்புலவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி ஆசாரத்தின் பக்கமே நின்று எழுதினார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் எல்லாத் தெருவினரும் பாடுகிறோம்.

ஆய்வேட்டில் நான் எழுப்பும் கேள்வி, ஹீபரின் பொறுமை சரியா, வில்சனின் ஆணை சரியா என்பதுதான். நான்கு ஆண்டுகளாக வில்சனின் பக்கமே நின்று எழுதி வந்திருக்கிறேன். ஆணை பிறக்காதிருந்தால் அநீதிக்கு அநீதி என்ற பெயரே கிடைத்திருக்காது என்பது என் வாதம். அதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் ஆணையை ஏற்றுப் பாராட்டுகிறவனின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அன்று காலைச் சிற்றுண்டியின்போது அறிந்தேன்.

ஆராதனைக்குப் பின் ஆலயத்தின் பின்கூடத்தில் எல்லாருக்கும் உணவு. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் 'அசனம்' என்ற ஒரு மரபு உண்டு. அரிசியும் ஆடும் பொதுவில் திரட்டி, ஆலய வளாகத்திலேயே சமைத்து, சபையார் அனைவரும் ஒன்றாக உண்பார்கள். இங்கே அந்த அளவுக்கு வசதியில்லை. இட்லியும் கோழிக்குழம்பும்தான். சனிக்கிழமை மாலையே மாவு ஆட்டி வைத்து, நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து, கொப்பரை கொப்பரையாக அக்கா அவித்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது இடையில் கிடைத்த ஒரு மணி நேரத்தில்.

நான் தட்டோடு இடம் தேடினேன். மூத்தவர் ஒருவர் அன்போடு அழைத்தார்.

"தம்பிக்கு ஊரு எது?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே! ஊர்ல எந்தத் தெரு?"

அந்தக் கேள்வியின் பொருள் தமிழர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரிய வெள்ளியன்று பேசிய நான் அங்கே என்ன செய்திருக்க வேண்டும் என்பதும் வெளிப்படை. ஆனால் நான் தெருவின் பெயரைச் சொன்னேன். சொன்னது மட்டுமன்று, சற்றுப் பெருமையோடு, தாத்தாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். "அப்ப நம்ம ஆளுதான்!" என்று அவர் தம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏழு மாதங்களாக அந்நிய நகரில் தனித்திருந்தவனுக்கு அச்சொல் எத்தனை இதமாக இருந்தது! அந்த இதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

குழம்பு வாளியோடு அக்கா அருகில் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. எங்கள் இருவர் தட்டிலும் குழம்பை ஊற்றிக்கொண்டே, "தெருவ அப்புறமா விசாரிங்க ஐயா, இட்லி ஆறுது" என்றார். கோபமில்லை, ஏளனமும் இல்லை. இதைப் பலமுறை கேட்டவருக்குரிய ஒரு பழக்கம் அந்தக் குரலில் இருந்தது. பிறகு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் விடியலில் அவர் சொன்ன வாக்கியம் எனக்கு முழுமையாகக் கேட்டது. ஊரில் அவர் தெருவுக்குள் வராதவர்கள் என்று சொன்னாரே, அவர்கள் என் தெருவினராக இருந்திருக்கலாம். அந்தத் தெருவின் பெயரைத்தான் நான் அத்தனை உவகையோடு உச்சரித்தேன். பாத்திரத்தில் முதலில் வாய்வைத்த குடும்பங்களில் என் தாத்தாவின் குடும்பமும் ஒன்று. பெரிய வெள்ளியன்று 'எங்கள் சபைகளில்' என்று பொதுப்படச் சொல்லி, அதை நான் கவனமாகத் தவிர்த்திருந்தேன்.

உயிர்த்தெழுந்தவரை உடன் நடந்த சீடர்களே அடையாளம் காணவில்லை என்பது சுவிசேஷக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. எம்மாவு ஊருக்குச் சென்ற இருவர் வழியெல்லாம் அவரோடு வேதத்தை விவாதிக்கிறார்கள்; தெரியவில்லை. மேசையில் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் கண் திறக்கிறது. இந்தப் பகுதியைப் பலமுறை வாசித்திருக்கிறேன். வேதத்தை அத்தனை நுட்பமாக விவாதித்தவர்களுக்குத்தான் கண் மறைந்திருந்தது என்பதை அன்றுவரை கவனித்ததில்லை.

புலம்பெயர்ந்த சபையில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். இருபது குடும்பங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்கும் பேச்சு வரும்போது எல்லாரும் ஊருக்குத்தான் தொலைபேசியில் அழைக்கிறார்கள். இங்கே கல்லறை வரிசை கலந்திருப்பதற்கும் மனமாற்றம் காரணமன்று. இடப் பற்றாக்குறையே காரணம். ஆனாலும் அது கலந்திருக்கிறது. ஹீபர் அடக்கமான அதே திருச்சியில், மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுந்த சாதிச்சுவர் பற்றி நாம் பல ஆண்டுகள் செய்திகளில் வாசித்தோம். சுவர் கட்ட இடமில்லாத ஊரில், ஒரு பெண் தம் தெருவுக்குள் வராதவரின் கல்லறையிலும் திரி ஏற்றுகிறார். வில்சனின் ஆணை அதை அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. ஹீபரின் பொறுமையோ அவரை இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்கச் சொல்லியிருக்கும்.

கை கழுவிவிட்டு அக்காவிடம் சென்றேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. "சும்மா நிக்கிறதுக்கு அந்தக் கொப்பரையப் பிடிங்க தம்பி, ஒத்தைக்குத் தூக்க முடியாது" என்றார். இருவரும் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனோம். நான் தேய்த்தேன், அவர் கழுவினார்.

மாலையில் அறைக்குத் திரும்பி அம்மாவை அழைத்தேன். பண்டிகை வாழ்த்துகளும் ஊர்ச் செய்திகளும் முடிந்த பின் கேட்டேன்: "அம்மா, நம்ம ஊர்க் கல்லறைத் தோட்டத்துல நடுவுல ஒரு வேலி இருக்கும்ல, அதுக்கு அந்தப் பக்கம் யாரும்மா?"

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்குக் கேக்க?" என்றார்.

ஆய்வேட்டில் அந்த இயல் இன்னும் முடியவில்லை. முன்னுரையில் என் தெருவின் பெயரை எழுதிவிட்டுத்தான் தொடர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.