கோளுக்கும் குச்சிக்கும் நடுவில் ஐந்து மீட்டர்

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகம் போகும் பாதையில் நடப்பவருக்கென்று தனி இடம் தேடினால் ஏமாற்றம்தான். லாரிகள் ஓரங்கட்டும் மண்தரைதான் நடைபாதையும். நேற்று காலியாகக் கிடந்த ஓரத்தில் இன்று நாற்பதடி கன்டெய்னர் நிற்கும். இந்தப் பக்கத்தில் பார்வையற்றவர்களுக்கு நடமாட்டப் பயிற்சி தருகிறவர் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது: போனில் இருக்கும் ஜிபிஎஸ் தெருவைச் சொல்லும், லாரியைச் சொல்லாது.

துல்லியமும் விலையும் ஒரு காலத்தில் பெரிய சிக்கலாக இருந்தன. சாதாரண மக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. அதற்குமுன் இருப்பிடம் நூறு மீட்டர் வரை தவறும். ஒரு தெருவையே மாற்றிக் காட்டிவிடும். பிறகு ட்ரெக்கர் போன்ற பேசும் கருவிகள் வந்தன. நல்ல கருவிகள்தான், ஆனால் நம் ஊர்ச் சம்பளத்துக்கு எட்டாதவை. 2006-இல் கனடாவின் வான்கூவரிலிருந்து லோட்ஸ்டோன் என்ற இலவச மென்பொருள் நோக்கியா போன்களுக்கு வந்தது. அதில் வரைபடம் பெரிதல்ல. நடப்பவரே தனக்கு வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வார், மற்றவர்களுக்கும் கொடுப்பார். காட்டுப்பள்ளிக்குப் பொருந்துவது இன்றைக்கும் அந்த வழிதான்.

ஏனென்றால் வரைபடத்தில் துறைமுகம் இருக்கும், அனல்மின் நிலையம் இருக்கும். ஷேர் ஆட்டோ உண்மையில் நிற்கும் புளியமரத்தடி இருக்காது. பழவேற்காடு ஏரிக்கு அப்புறம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் நம் நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் வரிசையான நாவிக்கின் முதல் கோள் 2013 ஜூலையில் கிளம்பியது. வானத்தில் குறையில்லை, தரையில்தான் பாக்கி.

இதைக் கடற்கரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மீன் கூடும் பாறைப் பாரைக் கண்டுபிடிக்க முன்பு கரையின் இரண்டு அடையாளங்களை நேர்கட்டிப் பார்த்தார்கள். இப்போது கையடக்க ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைக்கிறார்கள். கருவியைக் கடையில் வாங்கலாம், பார் இருக்கும் இடத்தை வாங்க முடியாது. கரையில் நடக்கும் பார்வையற்றவருக்கும் அப்படித்தான்.

புள்ளி குறிப்பதில் தொழில் நுணுக்கம் உண்டு. இடத்துக்கு வந்ததும் பொத்தானை அழுத்திவிடக் கூடாது. எண்கள் அலைந்து அடங்கும்வரை நிற்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் நல்ல போனுக்கே ஏறத்தாழ ஐந்து மீட்டர் பிசகு உண்டு. அடுக்கிய கன்டெய்னர்களுக்கு அருகே சமிக்ஞை இரும்பில் பட்டுத் திரும்பி வந்தால் பிசகு இன்னும் கூடும். அதனால் துறைமுகக் கேட்டின் வாசலில் குறிப்பதைவிட, அதற்குச் சற்று முன்னால், காலோ காதோ மூக்கோ அறிகிற ஓர் இடத்தில் குறிப்பது மேல்: தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பு, ஜெனரேட்டர் இரைச்சல், மீன் காயவைக்கும் களம். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று: நின்றுகொண்டிருப்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. நாலடி நடந்தால்தான் திசை பிடிக்கும். நிற்கும்போது போன் தன் காந்தமுள்ளை நம்பும். இரும்புக்குப் பக்கத்தில் அந்த முள் பொய் சொல்லும். ஆகவே, லாரி வரிசையருகே 'வலப்பக்கம் திரும்பு' என்று குரல் சொன்னால் உடனே திரும்பிவிடக் கூடாது. இயர்போன் ஒரு காதில் மட்டும். மற்ற காது சாலைக்கு.

மிச்ச ஐந்து மீட்டர் குச்சியின் பொறுப்பு. டெல்லி ஐஐடியில் உருவான ஸ்மார்ட்கேன் 2014-இல் சுமார் 3,000 ரூபாய்க்கு வந்தது; தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். வெள்ளைக் குச்சியின் பிடியில் பொருத்தும் இக்கருவி, முழங்காலுக்கு மேலே எதிர்ப்படும் தடையை மீயொலியால் மூன்று மீட்டர் வரை உணர்ந்து அதிர்வாகச் சொல்லும். தரையை மட்டும் தட்டும் குச்சிக்கு அகப்படாத லாரியின் பின்தட்டை அறிய இது நல்ல துணை.

ஒரே செயலியை நம்பியிருப்பதும் ஆபத்து. மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் என்ற ஒலிவழிகாட்டிச் செயலி பலருக்குப் பிடித்துப்போயிருந்தது. 2023-இல் நிறுத்திவிட்டார்கள். மூலநிரல் திறந்துவிடப்பட்டதால் வேறு கைகளில் பிழைத்தது. குறித்த புள்ளிகளைத் தனியே ஒரு பிரதி எடுத்து வைப்பது பயிற்சியின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மலிவான ஜிபிஎஸ், பயணி வாங்கவே தேவையில்லாதது. சென்னை மாநகரப் பேருந்துகளில் 2022 டிசம்பரில் முதற்கட்டமாக 150 வண்டிகளில் அடுத்த நிறுத்தத்தை ஒலியில் அறிவிக்கும் ஏற்பாடு தொடங்கியது. நடத்துநரை நச்சரிக்காமல் இறங்க முடிவது சின்ன விஷயமல்ல.

தமிழக அரசு பார்வைக் குறையுள்ளவர்களுக்குத் தக்க செயலியுடன் கைபேசி வழங்குகிறது. காட்டுப்பள்ளிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். மீஞ்சூர், அத்திப்பட்டு இளைஞர்களிடம் கேட்பது வேறு: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் இடம் சேர்க்கலாம். உங்கள் தெருவின் நிறுத்தம், ரேஷன் கடை, திறந்து கிடக்கும் வாய்க்கால் ஆகியவற்றை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏற்றுங்கள்.