பக்கப்பட்டையில் இருந்த ஒழுங்கை

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியில் ஊராக்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன். நேரமில்லாதவர்கள் அந்தப் பகுதியையாவது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 பிள்ளைகளுக்கு இணையத்தளம் அமைக்கும் பாடம். ஒரு வலைப்பூவைத் திறந்து, அதன் பக்கப்பட்டையில் பெட்டிகளை இழுத்து விடுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியை மவுஸால் பிடித்து மேலே கொண்டுபோனால் மற்றப் பெட்டிகள் விலகி இடம் விடும். அந்த இடத்தில் விட்டால் அங்கேயே குந்திவிடும். பிள்ளைகளுக்கு இது பெரிய விசயமாகத் தெரியவில்லை. ஒரு மகள் மட்டும் கையை உயர்த்திக் கேட்டாள்.

"டீச்சர், இந்தப் பக்கத்தில போடுறத ஆரு பார்க்கிற? போன்ல இது வாறதே இல்லையே."

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. அதே கேள்வியை 2016இல் எங்கட வாப்பா வேறு விதமாகக் கேட்டவர்.

2010இல் நாங்கள் இன்னும் புத்தளத்தில்தான் இருந்தோம். 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்படும்போது எனக்கு இரண்டு வயது. தண்ணீரூற்று எனக்கு வாப்பா சொல்லித் தெரிந்த ஊர். ஏ.எல். முடித்துவிட்டுச் சும்மா இருந்த காலத்தில் கட்டாரில் இருந்து வந்த நானா ஒரு பழைய லெப்டொப்பும் டொங்கிளும் தந்துவிட்டுப் போனார். அப்போது தமிழில் வலைப்பூக்கள் செழித்திருந்த காலம். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியைத் திறந்தால், உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் தமிழர் அன்றைக்கு எழுதியதெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். நானும் ஒன்று தொடங்கினேன். பாமினி எழுத்துருவில் தட்டியதைச் சுரதாவின் எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்கித்தான் பதிவேற்றுவேன். ஒரு பந்தி எழுத ஒரு பின்னேரம் போகும்.

எழுதியதை விட அலங்கரித்ததுதான் கூட. இதை நான் மறைக்கவில்லை. முந்திய காலத்தில் புளொக்கரில் பக்கப்பட்டையில் ஒரு சொல் மாற்றவும் எச்.டி.எம்.எல். நிரலுக்குள் இறங்கித் தேட வேண்டும். ஒரு குறி விடுபட்டால் முழுப் பக்கமும் குழம்பிவிடும். 2006இல்தான் இழுத்து விடுகிற முறை வந்தது. அடுத்த வருடம் வேர்ட்பிரஸிலும் விட்ஜெட்டுகள் சேர்ந்துகொண்டன. அதற்குப் பிறகு ஒரு தமிழ் வலைப்பூவின் பக்கப்பட்டையைப் பார்த்தால் பெருநாள் சந்தை மாதிரி இருக்கும். கடிகாரம், வருகை எண்ணி, திரட்டிகளின் பட்டன்கள், அரட்டைப் பெட்டி, கலண்டர். என்னுடைய வருகை எண்ணி 500இல் இருந்து தொடங்கியது. பூச்சியத்தில் தொடங்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

வாப்பா எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். கணினி தொடத் தெரியாது. ஆனால் இழுத்து விடுவது அவருக்கு உடனே பிடிபட்டது. "பாயத் தூக்கி மற்ற மூலையில போடுற மாதிரி" என்றார். தொழுகை நேரப் பெட்டியைக் காலநிலைப் பெட்டிக்குக் கீழே வைத்ததற்கு ஒருநாள் முழுக்கக் கதைக்கவில்லை. மேலே தூக்கி வைத்த பிறகுதான் தேத்தண்ணி குடித்தார்.

பிறகு அவர்தான் கேட்டார்: "புள்ள, ரெண்டு பக்கமும் பட்டை போடலாமா?"

போடலாம். அந்த வருடம்தான் புளொக்கரில் டெம்ப்ளேட் வடிவமைப்பான் என்று ஒன்று வந்திருந்தது. அதில் பதிவுகள் நடுவிலும், பக்கப்பட்டைகள் இடமும் வலமுமாக வருகிற அமைப்பும் இருந்தது. அதைக் காட்டினேன். வாப்பா திரையை விரலால் தொட்டுக் காட்டினார். "இது ஒழுங்கை. இதில இடப்பக்கத்து வீடு. இதில வலப்பக்கத்து வீடு. சந்தியில இருந்து வா."

இப்படித்தான் 'எங்கட ஒழுங்கை 1990' தொடங்கியது. எழுத்துப் பெட்டி ஒன்றை இடப் பட்டையில் போட்டு, சந்தியில் இருந்து ஒவ்வொரு வீடாக வாப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பட்டை ஒடுக்கம், ஒரு வரியில் மூன்று நாலு சொல்தான் பிடிக்கும். அதனால் வாப்பா ஆட்களின் முழுப் பெயரைச் சொல்லாமல் வீட்டின் பெயரைச் சொன்னார். கொய்யாமரத்து வீடு. ஓடாவி வீடு. துலாக் கிணத்தடி. இரட்டைப் படலை வீடு. ஊரில் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். சில வீட்டுக்குப் பெயர் வர இரண்டு நாள் ஆகும். இரவு பன்னிரண்டு மணிக்கு எழுப்பி "புள்ள, ஒன்பதாவது வீட்டுக்கும் பத்தாவது வீட்டுக்கும் நடுவில ஒரு வெறும் வளவு இருந்திச்சு, எழுது" என்பார். வெறும் வளவையும் எழுதினோம்.

ஒழுங்கையில் தமிழ் ஆக்களின் வீடுகளும் இருந்தன. வாப்பா அவற்றையும் விடவில்லை. நம்மவர் ஒருவர் கருத்துப் பெட்டியில் வந்து, நாங்கள் இழந்ததைத்தானே எழுத வேண்டும், அவர்களின் வீடு எதற்கு என்று கேட்டிருந்தார். வாப்பா சொன்ன பதிலை அப்படியே தட்டினேன்: "நடுவில ரெண்டு வீட்ட விட்டா, பன்னிரண்டாவது வீட்டுக்கு எப்பிடிப் போற?" அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை.

பீட்ஜிட் என்றொரு பெட்டி அப்போது பிரபலம். யார் வந்தாலும் எந்த ஊர், எந்த நாடு என்று கொடியோடு காட்டும். வாப்பாவுக்கு அது தொலைக்காட்சி மாதிரி. தோஹா வந்தால் நானா. ஜித்தா வந்தால் சாச்சா. இலங்கையில் எங்கிருந்து பார்த்தாலும் பெரும்பாலும் கொழும்பு என்றே காட்டும், அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை. ஆனால் ஒஸ்லோ என்று ஒன்று ஒவ்வொரு இரவும் வந்துகொண்டிருந்தது. நோர்வேயில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு 'பெயரில்லா' என்ற பெயரில் ஒரு வரி மட்டும் வந்தது. எங்கட படலைக்கு முன்னால் நின்றது வேம்பு இல்லை, இலுப்பை என்று. வாப்பா நெடுநேரம் கதைக்கவில்லை. பிறகு "ஓம், இலுப்பைதான். மாத்து" என்றார். யார் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2011இல் ஊருக்கு வந்தோம். வந்து பார்த்தால் ஒழுங்கையே காடு. எது யாருடைய வளவு என்று பிடிக்க, லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாப்பாவும் இன்னும் மூன்று பேரும் நடந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு கிணற்றுக் கட்டும் அதற்குப் பக்கத்தில் பழைய படிக்கல்லும் அகப்பட்டன. பட்டியலில் அது ஏழாவது வீடு. அங்கிருந்து இரண்டு பக்கமும் எண்ணிக்கொண்டு போனார்கள்.

இடப்பக்கம் 31 வீடு. வலப்பக்கத்தை 2013இல்தான் எழுதி முடித்தோம். அந்தப் பக்கம் 16 வீடு. வாப்பாவுக்கு அப்போதே மறதி தொடங்கியிருந்தது. ஒரு வீட்டைச் சொல்ல ஒரு கிழமையும் போயிருக்கிறது.

அடுத்து நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். இரண்டு வருடம். வலைப்பூ அப்படியே கிடந்தது. நான் திரும்பி வரும்போது எல்லாருடைய கையிலும் போன் வந்திருந்தது, பழைய திரட்டிகளும் ஓய்ந்துகொண்டிருந்தன.

2016இல் வாப்பா படுக்கையில். பார்க்க வந்த ஒருவரிடம் "மகள் எங்கட ஒழுங்கையை எழுதி வச்சிருக்கா, காட்டுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். வந்தவர் தன் போனில் திறந்தால் நடுவில் பதிவுகள் மட்டும் இருந்தன. இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாப்பா கேட்டார்: "புள்ள, ஒழுங்கை இருக்குது, வீட்டையெல்லாம் எங்க?"

காரணம் இதுதான். புளொக்கரில் போனுக்கென்று தனி டெம்ப்ளேட் 2011இல் வந்தது. போனில் திறந்தால் தலைப்பு, பதிவுகள் போல சில பெட்டிகள் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் மறைந்துவிடும். அடியில் வலைப் பதிப்பைக் காண்க என்று ஒரு இணைப்பு இருக்கும், யாரும் அதை அமத்துவதில்லை. டெம்ப்ளேட்டுக்குள் போய், தெரிய வேண்டிய விட்ஜெட்டில் mobile என்ற பண்புக்கு yes கொடுத்திருந்தால் போதும். ஒரு வரி வேலை. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

தெரியாததால் குறுக்கு வழி தேடினேன். இலவச டெம்ப்ளேட் ஒன்றை எங்கிருந்தோ இறக்கினேன். போனில் பக்கப்பட்டை பதிவுகளுக்குக் கீழே வரிசையாக வரும் என்று அதில் போட்டிருந்தது. முதலில் எல்லாப் பதிவுகளையும் காப்புப் பிரதி எடுத்தேன். கலாசாலையில் படித்ததை ஒழுங்காகச் செய்கிறேன் என்று ஒரு பெருமை வேறு. பிறகு புது டெம்ப்ளேட்டைப் பதிவேற்றினேன். அழியப்போகிற விட்ஜெட்டுகள் இவை, உறுதிப்படுத்துங்கள் என்று ஒரு அறிவிப்பு வந்தது. எச்.டி.எம்.எல்.1, எச்.டி.எம்.எல்.3, டெக்ஸ்ட்1, டெக்ஸ்ட்2 என்று ஒரு வரிசை. பழைய கடிகாரமும் எண்ணியும்தான் என்று நினைத்தேன். உறுதி என்று அமத்தினேன்.

டெக்ஸ்ட்1 இடப்பக்கம். டெக்ஸ்ட்2 வலப்பக்கம்.

பதிவுகளின் காப்புப் பிரதியில் பக்கப்பட்டை சேராது. பதிவுகள், பக்கங்கள், கருத்துகள் போன்றவைதான் அதில் வரும். அழித்த விட்ஜெட்டைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அறிவிப்பு வந்தது, வாசிக்காமல் அமத்தியது நான். பிழை முழுக்க என்னுடையது.

வாப்பாவுக்குச் சொல்லவில்லை. "திருத்துறேன் வாப்பா, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். மூன்று மாதத்தில் மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுப்பானாக. அதற்குப் பிறகு அந்த வலைப்பூவை நான் திறக்கவே இல்லை.

அந்த மகள் கேட்ட அன்று இரவுதான் திரும்பத் திறந்தேன். கடிகாரம் இல்லை, பீட்ஜிட் இருந்த இடம் வெறும் வெள்ளை. பிறகு வேபேக் மெஷினில் என் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். இணையத்தளங்களைப் பழைய திகதிகளில் இருந்தபடி சேமித்து வைத்திருக்கும் காப்பகம் அது. பெரிய தளங்களைத்தான் வைத்திருப்பார்கள் என்று நான் முந்தி அங்கே தேடவே இல்லை. ஒரேயொரு பிரதி இருந்தது, 2012இல் எடுத்தது. இடப்பட்டை முழுதாக இருந்தது, கொய்யாமரத்து வீட்டில் இருந்து 31 வீடும், வெறும் வளவும், இலுப்பையும். வலப்பட்டையில் தொழுகை நேரமும் கலண்டரும் மட்டும். அந்தப் பக்கத்து வீடுகளை நாங்கள் எழுதியது அடுத்த வருடம்தானே.

அந்த 31ஐயும் பிரதி எடுத்து ஒரு சீ.ஆர். கொப்பியில் பேனையால் எழுதிவிட்டேன். வலைப்பூவிலும் பக்கப்பட்டையில் வைக்காமல் தனிப் பக்கமாகப் போட்டிருக்கிறேன். அது போனிலும் தெரியும், காப்புப் பிரதியிலும் சேரும். கணினிப் பாடம் எடுக்கிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். கடிகாரம், இணைப்புகள் போன்ற, போனாலும் பரவாயில்லாததை இழுத்து விடுங்கள். எழுதி எடுக்க முடியாததை அங்கே வைக்க வேண்டாம். டெம்ப்ளேட் மாற்ற முன்னர் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து உள்ளே இருப்பதை வேறு இடத்தில் ஒட்டி வையுங்கள். அந்தப் பெட்டிகளின் தலைப்பு உங்களுக்குத்தான் தெரியும், இயந்திரத்துக்கு அவை டெக்ஸ்ட்1, டெக்ஸ்ட்2.

இனி உதவி.

வலப்பக்கத்து 16இல் எனக்கு ஞாபகம் வருவது ஒன்பது. சந்தியில் முதலாவது ஒரு பலசரக்குக் கடை, அதன் பின்னால் வீடு. அடுத்தது தையல் மெஷின் வீடு. மூன்றாவது தெரியாது, ஆனால் முற்றத்தில் மாதுளை நின்றது என்று வாப்பா சொன்னது ஞாபகம். நாலாவது மோதினார் வீடு. ஐந்தும் ஆறும் தெரியாது. ஏழு, எட்டு, ஒன்பது அண்ணன் தம்பிமாரின் வீடுகள், மூன்றுக்கும் பொதுக் கிணறு. பத்தாவது சைக்கிள் திருத்துகிற இடம். பதினொன்று தெரியாது. பன்னிரண்டாவது தமிழ் ஆக்கள், மாடு வைத்திருந்தவர்கள், பால் அங்கிருந்துதான் எடுத்ததாம். பதின்மூன்று, பதினாலு, பதினைந்து ஒன்றும் வருகுதில்லை. கடைசி வீட்டுக்குப் பிறகு வயல்.

புத்தளத்தில், மன்னாரில், வெளிநாட்டில் இருக்கிற ஊராக்கள், இதை வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். முழுப் பெயரும் அடையாள அட்டை விபரமும் பொதுவில் போட வேண்டாம். ஊரில் என்ன பெயர் சொல்லி அந்த வீட்டைக் கூப்பிட்டார்கள் என்பது போதும். நான் சொன்ன வரிசை பிழை என்றாலும் சொல்லுங்கள். ஒஸ்லோவில் இருந்து வாசித்தவர் இன்னும் எங்கேயாவது இருந்தால், பன்னிரண்டாவது வீட்டில் எத்தனை மாடு நின்றது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் எனக்குத் தேவை அந்த மாதுளை வீடு. வாப்பா சொன்ன பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வருகுதில்லை.