கைமாறாத புத்தகம்

கண்டியில் தமிழ்நாட்டு நாவலொன்றின் விலையைக் கேட்டால் ஆசிரியனின் சட்டைப்பை நடுங்கும். 2022இல் காகிதப் பஞ்சத்தால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடல்லவா இது! ஆகவே, மூன்றிலொரு பங்கு விலைக்கு மின்னூலை வாங்கினேன். காகிதமில்லை, கப்பற்கூலியில்லை; குறைவு நியாயமே.

மறுவாரம் ஹந்தானைத் தோட்டத்து மாணவியொருத்தி, "சேர், வாசித்து முடித்ததும் எனக்குத் தருவீர்களா?" என்றாள்.

"கைத்தொலைபேசியையல்லவா அம்மா, கொடுக்கவேண்டும்!" என்று சிரித்தேன். சிரித்தபின் வெட்கமாயிற்று. நான் வாங்கியது நூலன்று. எனக்கு மாத்திரம் வாசிக்கும் உரிமை. 2005 முதல் ஈழத்து நூல்களை விலையின்றி இணையத்தில் வழங்கும் 'நூலகம்' திட்டத்திலும் இந்நாவல் இல்லை.

சம்பளத்தன்று அச்சுப் பிரதியையே வாங்கிக் கொடுத்தேன். பத்துப்பேர் வாசித்தால் பத்திலொரு விலைதானே? (கணக்காசிரியர் மன்னிப்பாராக!) அது இப்பொழுது மூன்றாவது லயத்தில் இருக்கிறதாம்; அட்டை மட்டும் கிழிந்துவிட்டதாம்.